கங்காரு எந்தத் திணை?

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே திணை மரபு பற்றிப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். குறிஞ்சிக்குப் புலியும் கரடியும், முல்லைக்கு மானும் முயலும், மருதத்துக்கு எருமையும் நீர்நாயும், நெய்தலுக்குச் சுறாவும் முதலையும், பாலைக்கு வலியிழந்த யானையும் செந்நாயும் என்று பட்டியலிட்டு முடித்தேன். அப்போது பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், கங்காரு எந்தத் திணை?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனுடைய அண்ணன் மெல்பேணில் இருக்கிறான் என்பதும், கங்காருவின் படம் அச்சிட்ட அட்டை ஒன்று அந்த வாரந்தான் வந்தது என்பதும் எனக்குப் பின்னர் தெரிய வந்தன. நானும் சிரித்து, "அது தொல்காப்பியர் காணாத விலங்கு, இரு தம்பி" என்று சொல்லி அவனை இருத்திவிட்டேன். பையன் இருந்து விட்டான். கேள்வி இருக்க மறுத்துவிட்டது.

பின்னொரு விடுமுறையில், மெல்பேணில் வாழும் என் அக்காவும் அத்தானும் அழைத்ததன் பேரில் அவுஸ்திரேலியா சென்று வரும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே விக்டோரியா மாநிலத்திலும் தஸ்மேனியாத் தீவிலும் சிலவற்றைக் கண்ணாற் கண்டேன்; ஏனையவற்றைக் கற்றறிந்தேன். அந்நாட்டுக்கே உரிய விலங்குகளையும் பறவைகளையும், அவற்றை எங்கே காணலாம் என்பதையும் பற்றி இன்று உங்களோடு பேசலாம் என எண்ணுகிறேன். நம்மவர் பலர் இன்று அங்கே வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்வோரும் பலர். எனவே இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் ஆகாது என நம்புகிறேன்.

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். தமிழ் வாத்தியார் வேறு எங்கிருந்து தொடங்குவார்?

1770 ஆம் ஆண்டு ஜூன் மாதம் கப்டன் குக்கின் 'எண்டவர்' என்ற கப்பல், இன்றைய குவீன்ஸ்லாந்தின் கரையோரத்திலே பவளப் பாறையில் மோதிச் சேதமுற்றது. ஓர் ஆற்று முகத்திலே கப்பலைக் கரையேற்றிச் செப்பனிட்டார்கள். அங்கே தத்தித் தத்திப் பாயும் ஒரு விசித்திர விலங்கைக் கண்டு, அதன் பெயரை அவ்விடத்து மக்களிடம் கேட்டு, 'கங்குரு' என்று குறித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்கு வந்த பிலிப் பாக்கர் கிங் என்ற கடற்படை அதிகாரிக்கு மக்கள் வேறொரு சொல்லைச் சொன்னார்கள். உடனே ஒரு கதை கட்டப்பட்டது. 'கங்காரு' என்றால் 'எனக்குத் தெரியாது' என்று பொருள். கேட்டவனுடைய மொழி விளங்காமல் அந்த மனிதன் சொன்ன விடையையே விலங்கின் பெயராக எழுதிவிட்டார்கள் என்பது அக்கதை. இன்றும் பலர் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அது பிழையான கதை. 1970களில் ஜோன் ஹவிலண்ட் என்ற மொழியியலாளர் அம்மக்களோடிருந்து அவர்களின் கூகு யிமிதிர் மொழியைக் கற்றார். அந்த மொழியிலே 'கங்குரு' என்ற சொல் உயிரோடு இருந்தது. அது எல்லாக் கங்காருவுக்கும் பொதுவான பெயரன்று. ஒருவகைப் பெரிய கங்காருவுக்கு மட்டும் உரிய பெயர். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மக்கள் அவர்கள். கிங் கேட்ட சொல்லோ, உண்ணத்தகும் விலங்கு என்ற பொதுப் பொருளுடைய சொல்லாகவே இருக்க வேண்டும் என்கின்றனர். தெரியாதவர் யார் என்பதை நேயர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

இப்படியே கோலா, வொம்பற் ஆகிய பெயர்கள் சிட்னிப் பகுதியின் தருக் மொழியிலிருந்து வந்தவை. கூக்கபரா என்ற சிரிப்புப் பறவையின் பெயர் விராஜுரி மொழிக்கு உரியது. குவொக்கா என்பது மேற்கிலுள்ள நூங்கார் மக்களின் சொல். உலகமெங்கும் பிள்ளைகள் படப் புத்தகத்தில் வாசிக்கும் இப்பெயர்கள் யாவும், அந்த மண்ணின் ஆதிக் குடிகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நாவில் வைத்திருந்த சொற்களே.

இனி, அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். கங்காரு எந்தத் திணை? நான் போய்ப் பார்த்துப் படித்தறிந்த விடை இது: ஐந்து திணைக்கும் ஒவ்வொரு கங்காரு உண்டு.

நாட்டின் நடுவே மழை அருகிய செம்மண் வெளி பாலையைப் போன்றது. அங்கே செங்கங்காரு வாழ்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள ஸ்ரேட் தேசிய வனம் அதைக் காண உகந்த இடம். பையிலே ஒரு குட்டி பால் குடிக்கும்போது, அடுத்த கருவை வளரவிடாமல் நிறுத்தி வைக்கும் ஆற்றல் தாய்க்கு உண்டு. பிறக்கும் குட்டி ஒரு அவரை விதை அளவே இருக்கும். கண் திறவாத அந்த உயிர், தாயின் மயிரைப் பற்றித் தானே ஏறிப் பைக்குள் சேர்கிறது.

காடும் புல்வெளியும் சேர்ந்த முல்லை நிலத்தில் சாம்பல் கங்காரு வாழ்கிறது. மெல்பேணுக்கு மேற்கே உள்ள கிராம்பியன்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் ஹோல்ஸ் கப் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆதிக் குடிகள் அம்மலையைக் கரிவேட் என்பர். பொழுது சாயும் வேளையில் ஊர் விளையாட்டு மைதானத்திலே கூட்டங் கூட்டமாகக் கங்காருகள் மேய்ந்து கொண்டிருந்ததைக் கண்டேன். முல்லைக்குச் சிறுபொழுது மாலை என்று எத்தனை ஆண்டுகள் படிப்பித்திருப்பேன்! அன்றுதான் அதைக் கண்ணால் படித்தேன்.

குவீன்ஸ்லாந்தின் வடக்கே, அதேர்ட்டன் மேட்டுநிலத்து மழைக் காட்டில் மரத்தில் ஏறி வாழும் கங்காரு உண்டு. மலண்டா என்ற ஊரின் அயலில் அதைக் காணலாம். நம் மலைநாட்டைப் போல அங்கும் தேயிலை பயிராகிறது. பெரும்பாலும் இரவிலே நடமாடும் விலங்கு அது. குறிஞ்சியின் யாமத்துக்கு ஏற்றது. நெய்தலுக்கு, மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்கரையில் எஸ்பரன்ஸ் நகருக்கு அப்பால் லக்கி பே என்ற வெண்மணற் கரை இருக்கிறது. அங்கே கங்காருகள் அலையோரத்தில் வந்து நிற்கின்றன. மருதத்துக்கோ இடந்தேட வேண்டியதில்லை. பயிர் நிலங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் அவை புகுந்து மேய்கின்றன; கமக்காரருக்கும் கங்காருவுக்கும் ஓயாத சண்டை. மருதத்தின் உரிப்பொருள் ஊடல் அல்லவா!

அடுத்து, பிளற்றிப்பஸ். தாராவின் அலகு, தட்டையான வால், தோலடிப் பாதம், உடலெங்கும் மயிர் என்று நாலு விலங்கைச் சேர்த்துத் தைத்ததுபோல் ஆற்றில் வாழும் உயிர் இது. 1798 இல் ஆளுநர் ஹண்டர் இதன் தோலொன்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். மறு ஆண்டு இதனை விவரித்தெழுதிய ஜோர்ஜ் ஷோ என்ற அறிஞருக்கே, யாரோ அலகை ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்ற ஐயம் எழுந்தது. இது முட்டையிடுமா குட்டி போடுமா என்ற வழக்கு ஏறக்குறைய நூறாண்டு நீடித்தது. 1884 இல் கோல்ட்வெல் என்ற இளம் விஞ்ஞானி குவீன்ஸ்லாந்தின் ஆற்றங்கரையில் முட்டையைக் கண்டு தந்தியடித்த பிறகே வழக்கு முடிந்தது. முட்டையிட்டும் பால் கொடுக்கும் முலையூட்டி இது. எக்கிட்னா என்ற முள்ளுடம்பு விலங்கும் அவ்வாறே.

விலங்குகளின் இளமைக்கு ஒன்பது பெயர் தருகிறது தொல்காப்பிய மரபியல். பறப்பவற்றின் இளமை பார்ப்பு, பிள்ளை. மற்றவற்றுக்குக் குட்டி, குருளை, கன்று, மறி, பறழ் என்று வகை வகையாய் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்து, தாயின் தோலில் கசியும் பாலை நக்கி வளரும் இந்த உயிருக்குப் பார்ப்பு என்பதா, குட்டி என்பதா? இலக்கணம் படித்தோர் யோசிக்கலாம். காண விரும்புவோர் குவீன்ஸ்லாந்தின் யுங்கெல்லா தேசிய வனத்திலுள்ள புரோக்கன் ஆற்றுக்கும், விக்டோரியாவின் ஒற்வே காட்டிலுள்ள எலிசபெத் ஏரிக்கும் போகலாம். விடியலிலோ அந்தியிலோ அசையாமல் இருக்க வேண்டும். நான் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் குளிரில் இருந்தேன். நீரிலே ஒரு வளையம் எழுந்து விரிந்தது. ஒரு முதுகு தெரிந்து மறைந்தது. அவ்வளவுதான். ஆனாலும் வெறுங்கையோடு திரும்பினேன் என்று சொல்லமாட்டேன்.

கோலாவைப் பற்றிப் பலருக்குத் தெரியும். யூக்கலிப்டஸ் இலையைத் தின்று, நாளின் பெரும்பகுதியை மரக்கொம்பில் உறங்கிக் கழிக்கும் விலங்கு அது. கரடி என்று அழைப்பது தவறு. வயிற்றிலே பையுடைய இனம். குவீன்ஸ்லாந்தின் மக்னெற்றிக் தீவிலும், விக்டோரியாவின் றேமண்ட் தீவிலும் நடைபாதையில் நின்றே அண்ணாந்து பார்க்கலாம். இத்தனை சாதுவான பிராணிக்கு மனிதன் செய்தது என்ன? 1927 இல் குவீன்ஸ்லாந்து அரசு ஒரு மாதம் வேட்டைக்கு அனுமதி வழங்கியது. அந்த ஒரு மாதத்திலே தோலுக்காக இலட்சக்கணக்கில் கொன்று குவித்தார்கள். மக்கள் கொதித்தெழுந்ததனால் அதற்குப் பின் வேட்டை நின்றது. ஆனால் மரம் வெட்டுவது நிற்கவில்லை. 2019 இலும் 2020 இலும் பரவிய பெருங்காட்டுத் தீ வேறு வந்தது. 2022 இல் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பிரதேசம் ஆகிய மூன்று இடங்களிலும் கோலா அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. துவக்கு கொல்லாமல் விட்டதைக் கோடரி கொல்கிறது.

பறவைகளில் இரண்டைச் சொல்லாமல் அப்பால் போக முடியாது. ஒன்று கருஅன்னம். அன்னம் வெண்மையானது என்பது நம் புலவர் மரபு, மேல்நாட்டிலும் அப்படியே. இல்லாத பொருளுக்கு உவமையாகக் கரிய அன்னத்தைச் சொன்னார் ஓர் உரோமப் புலவர். 1697 இல் விளமிங் என்ற ஒல்லாந்தக் கப்பற்றலைவர் இன்றைய பேர்த் நகரின் ஆற்றிலே அவற்றைக் கூட்டமாகக் கண்டார். அந்த ஆற்றுக்கு அன்ன ஆறு என்றே பெயர் நிலைத்துவிட்டது. மற்றது யாழ்ப்பறவை என்று நாம் அழைக்கத்தக்க லயர் பறவை. அதன் வால் பழைய கிரேக்க யாழின் வடிவுடையது. காட்டிலுள்ள பல பறவைகளின் குரலையும் அப்படியே பாடிக் காட்டும். மெல்பேணை அடுத்த டண்டனொங் மலையில் ஷேர்புறூக் காட்டிலே, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, அதாவது அவர்களுடைய குளிர்காலத்திலே, அதைக் கேட்கலாம். கண்ணுக்கு அகப்படாவிட்டாலும் காதுக்கு அகப்படும்.

நேயர்களே, இனிமேல் நான் சொல்லப்போகும் இடமே என் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

மெல்பேணிலிருந்து ஏறக்குறைய 140 கிலோ மீற்றர் தொலைவில் பிலிப் தீவு இருக்கிறது. அங்கே உலகின் மிகச் சிறிய பென்குயின் இனம் வாழ்கிறது. உயரம் முப்பத்து மூன்று சென்ரி மீற்றர் அளவு. நிறை ஒரு கிலோ. பகல் முழுதும் கடலில் இரை தேடி, சூரியன் மறைந்த பின்னர் கூட்டம் கூட்டமாய்க் கரையேறி, மணலைக் கடந்து தத்தம் வளைக்குப் போகின்றன. படம் பிடிக்கக் கூடாது என்பது அங்கு விதி. நூற்றுக்கணக்கானோர் மூச்சடக்கி இருந்தோம். அலையிலிருந்து முதலில் ஐந்தாறு வந்தன, தயங்கி நின்றன, ஒரு கடற்காகத்தைக் கண்டு திரும்ப நீருக்குள் ஓடின, மறுபடி வந்தன. என் பக்கத்திலிருந்த மருமகள், பத்து வயதுப் பிள்ளை, "மாமா, அதுகளுக்குத் தங்கட வீடு எது எண்டு தெரியுமோ?" என்று காதுக்குள் கேட்டாள். தெரியும் அம்மா, அதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டு வருகின்றன என்றேன்.

மறுநாள்தான் முழுக் கதையையும் அறிந்தேன். பறவைகள் ஏறிப் போன அந்த நிலமுனையிலே முன்னர் ஒரு குடியிருப்பு இருந்தது. வீதிகள், வீடுகள், வாகனங்கள், நாய்கள் எல்லாம் இருந்தன. பென்குயின்கள் குறைந்துகொண்டு வந்தன. இப்படியே போனால் அவ்விடத்தில் இல்லாமற் போய்விடும் என்று ஆய்வாளர் எச்சரித்தனர். 1985 இல் விக்டோரியா அரசு ஒரு முடிவு எடுத்தது. வீடுகளை விலை கொடுத்து ஒவ்வொன்றாக வாங்கி, கழற்றி அகற்றி, நிலத்தைப் பறவைகளிடமே திருப்பிக் கொடுப்பது என்பதே அந்த முடிவு. கடைசிக் காணி 2010 இல் கைக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுப் பணி அது. இன்று அங்கே பல்லாயிரக்கணக்கான பென்குயின்கள் வாழ்கின்றன.

வீட்டை விட்டுப் போவது என்றால் என்ன என்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலை வாங்கிக்கொண்டு போனவர்களுக்கும் அது எளிதாக இருந்திராது. கோடைகாலத்துப் பிள்ளைப் பருவ நினைவுகளை அங்கே விட்டுத்தான் போயிருப்பார்கள். இருந்தும், தனக்கு வேறிடம் உண்டு, அந்தப் பறவைக்கு வேறிடம் இல்லை என்ற ஞாயத்தை ஒரு சமூகம் ஏற்றுக்கொண்டது. வாகனத் தரிப்பிடத்தில் ஓர் அறிவித்தல் பார்த்தேன். வண்டியை எடுக்குமுன் அடியில் பென்குயின் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள் என்பது அதன் கருத்து. அன்றிரவு அத்தான் முழங்காலில் நின்று குனிந்து பார்த்த காட்சியை நான் மறக்கமாட்டேன்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் அந்நாடே சான்று. தஸ்மேனியப் பேய் என்று அழைக்கப்படும் கரிய சிறு ஊனுண்ணியை, முகத்தில் வளரும் ஒருவகைத் தொற்றுப் புற்றுநோய் வருத்துகிறது. 1996 இல் அது முதன்முதல் கவனிக்கப்பட்டது. இனத்தைக் காக்கவென்று நோயற்ற சிலவற்றை 2012 இல் மரியா தீவிலே கொண்டுபோய் விட்டார்கள். அவை அங்கே பெருகின. ஆனால் அத்தீவில் இருந்த மூவாயிரம் சோடிப் பென்குயின்களும் இல்லாமற் போயின என்று 2021 இல் பறவை ஆர்வலர் அறிவித்தார்கள். ஓர் உயிரை அதற்கு உரியதல்லாத மண்ணில் விட்டால், அங்கு ஏற்கெனவே உள்ள உயிருக்கு இடமில்லை. 1859 இல் கொண்டுவந்த முயலும், 1935 இல் கரும்பு வண்டை அழிக்கவெனக் கொண்டுவந்த நச்சுத் தேரையும் அக்கண்டத்துக்குச் செய்த கேட்டை விரிக்கப் பொழுது போதாது. ஐரோப்பியர் குடியேறிய 1788 முதல் முப்பதுக்கு மேற்பட்ட முலையூட்டி இனங்கள் அங்கே அற்றுப்போயின.

அவற்றுள் ஒன்று தஸ்மேனியப் புலி. முதுகில் வரியுடைய, ஓநாய் போன்ற, பையுடைய விலங்கு. ஆட்டைக் கொல்கிறது என்று சொல்லி 1888 முதல் 1909 வரை அரசே தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துக் கொல்வித்தது. கடைசியாக அறியப்பட்டது 1936 செப்ரெம்பர் 7 ஆந் திகதி ஹோபாட் நகர மிருகக்காட்சிச் சாலைக் கூட்டிலே இறந்தது. அவ்வினத்தைப் பாதுகாக்கும் சட்டம் வந்து அப்போது இரண்டு மாதங்கூட ஆகவில்லை. அதன் தோலும் எலும்பும் எங்கே என்று நெடுங்காலம் எவருக்கும் தெரியாதிருந்தது. 2022 இல், அந்நகர அருங்காட்சியகத்தின் அலுமாரியிலேயே அவை இருந்ததாகக் கண்டுபிடித்தனர். எங்கே காணலாம் என்ற கேள்விக்கு, அந்த விலங்கின் பொருட்டு இன்று சொல்லக்கூடிய விடை ஓர் அலுமாரிதான்.

அங்கே போகும் நேயர்களுக்குச் சில சொற்கள். விடியலும் அந்தியுமே அவ்விலங்குகளின் பொழுது. நண்பகலில் தேடி அலையாதீர்கள். இருள் வேளையில் நாட்டுப்புறத் தெருக்களில் மெதுவாகச் செல்லுங்கள். வீதியோரம் செத்துக் கிடக்கும் கங்காருகளையும் வொம்பற்றுகளையும் பார்த்தால் காரணம் விளங்கும். பாணும் பிஸ்கற்றும் கொடுக்காதீர்கள்; அது அன்பு அன்று, நோய். தஸ்மேனியாவின் கிறேடில் மலையில் வொம்பற் உங்கள் காலடியிலே மேயும், தொடவேண்டாம். வடக்கே கக்கடு வனத்துக்குப் போனால் நீரோரத்தில் நிற்க வேண்டாம். அங்குள்ள உவர்நீர் முதலை நம் நாட்டிலும் உள்ள அதே இனந்தான்; அதற்குப் படகிலிருந்து வணக்கம் சொன்னால் போதும்.

திரும்பி வந்தபின் அந்த மாணவனைக் கண்டேன். பரீட்சை எழுதி முடித்துவிட்டான். "தம்பி, உன் கேள்விக்கு விடை கொண்டு வந்திருக்கிறேன். கங்காருவுக்கு ஐந்து திணையும் உண்டு" என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்ப சேர், நிலம் போனால்?" என்றான்.

நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கும் மரமும் கருப்பொருள். முதலை இழந்தபின் கரு ஏது? இதைத்தான் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறு பறவைக்காக வீடுகளைக் கழற்றிய கரையிலே நின்றபோதுதான், அது பரீட்சைக்குரிய பாடம் மட்டுமல்ல என்று உணர்ந்தேன்.